மேளம் நிற்கும்வரை நான் நிற்கவில்லை

போன மாதம் ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். இப்போது தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்க்கிறவர். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். கீழ்நாட்டுக்குப் போய் மூளைக்காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர்களை, காய்ச்சல் விட்ட பிறகும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டுமாம். நுளம்பு, அதாவது கொசு, கொண்டுவரும் கிருமி மூளையில் விட்டுப்போகிற சேதம் பிறகுதான் வெளியே தெரியும் என்று படிவத்தின் மேலே அச்சடித்திருந்தார்கள்.

“ஐயா காலத்திலேயும் இப்படி ஒரு கேஸ் இருந்திச்சாமே? எங்க சங்க மலருக்கு எழுதித் தாங்களேன்” என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. எனக்கு மூன்று பேர்மேல் சந்தேகம். அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

படிவத்தை வாங்கி எண்ணிப் பார்த்தேன். பதினான்கு கட்டங்கள். வயது, ஊர், காய்ச்சல் அடித்த நாட்கள், வலிப்பு உண்டா, நடை எப்படி என்று எல்லாம் இருந்தன. வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா கணக்கப்பிள்ளை. நான் ஹட்டனில் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருடம் மருந்து கலக்கவும் புண் கட்டவும் பிரசவம் பார்க்கவும் பழகி, சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் தோட்டத்து டிஸ்பென்சராக வந்து சேர்ந்தேன். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மூன்றரை மைல் நடக்க வேண்டும். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கடிதம் வரும். வந்த முதல் வாரமே எண்ணி வைத்தேன். பதினொரு லயம், அதாவது வரிசைக் குடியிருப்பு. அதில் நூற்றுப் பதினெட்டு ஒற்றையறைக் காம்பரா, அறுநூற்று நாற்பத்து மூன்று உயிர். ரோட்டிலிருந்து டிஸ்பென்சரி வாசலுக்கு இருபத்தேழு கல்படி.

சனங்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பியதும், போகாதவர்கள் என் படியேறி வருவார்கள். நான் சீட்டுக் கொடுத்தால் அவர் நோயாளி. கொடுக்காவிட்டால் வேலைக்கு வராதவர். வெயில் நாளில் பதினொன்று, பன்னிரண்டு பேர் வருவார்கள். ஜூன் மாத மழையில் முப்பது பேர். இடையில் கூடிய பதினெட்டுப் பேர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் தோட்டத்தை நடத்தும் துரை எனக்கு வீடும் விறகும் தருகிறார் என்பது வந்த ஒரு மாதத்திலேயே விளங்கிவிட்டது. மருந்து கொடுப்பது இரண்டாவது வேலை. சந்தேகப்படுவது முதல் வேலை.

அந்த வேலையை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் பெரிய டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரிக்காரர், சிங்களவர். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், புதன்கிழமை பத்து மணிக்கு வருவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நோயாளியைத் தொடுமுன் ஒரு தரம், தொட்ட பின் ஒரு தரம் கை கழுவுவார். ஒரே காலையில் நாற்பது தரம் கழுவியதை எண்ணியிருக்கிறேன். நான் வைக்கிற தேநீரில் மூன்று மிடறு குடித்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார். தேநீரில் என்ன குறை என்று நானும் கேட்கவில்லை. என்னோடு இங்கிலீஷில் பேசுவார். சனங்களோடு, சிங்களம் கலந்த லயத்துத் தமிழ்.

அவருடைய விதி ஒன்றுதான். “ஒருவனை மூன்று தரம் பார். முதல் தரம் அவன் காட்டுவதைப் பார். இரண்டாம் தரம் அவன் காட்டாததைப் பார். மூன்றாம் தரம், நீ பார்ப்பது அவனுக்குத் தெரியாதபோது பார்.”

இந்த மூன்றாவது பார்வை எனக்கு நன்றாகவே கைவந்தது. இடுப்புப் பிடித்துவிட்டது என்று ஐந்து நாள் சீட்டு வாங்கிய ஒருவரை, ஆறாம் நாள் கொய்யா மரத்தின் உச்சியில் பிடித்தேன். “இறங்குங்க கீழே” என்றேன். “ஏறத்தான் முடிஞ்சிச்சுங்க டாக்டரய்யா. எறங்குறதுக்குத்தான் இடுப்பு விடல” என்றார். அவருக்கு ஆறாம் நாள் சீட்டுக் கிடைக்கவில்லை. இப்படி முதல் ஒன்பது வருடத்தில் எழுபத்திரண்டு பேரைப் பிடித்திருந்தேன். குறித்து வைத்த கொப்பி இருந்தது. எழுபத்து மூன்றாவது பெயர் சன்னாசி.

சன்னாசி கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வளைந்த கத்தியால் சீவி இறக்குகிற வேலை அது. ஒரே வெட்டு, சாய்வாக, பட்டை கிழியாமல் விழவேண்டும். அவர் வெட்டிய நிரையை அடையாளம் சொல்லலாம் என்பார்கள். வயது முப்பத்தொன்று. மனைவி ராக்கம்மா கொழுந்து பறிப்பவர். நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. மாசி மாதம் காமன் கூத்து வந்தால் மன்மதன் வேஷம் சன்னாசிக்குத்தான். ஆறு வருடம் தொடர்ந்து அவர்தான் ஆடினார்.

அவருடைய அக்காள் கீழ்நாட்டில், வயல் பக்கம், ஒரு நெல் ஆலையில் குடியிருந்தாள். அக்காள் மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று ஆள் வந்தது. தாய்மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. சன்னாசி பத்து நாள் லீவு கேட்டுப் போனார். பத்தொன்பதாம் நாள்தான் வந்தார். றொசல்லயில் ரயிலை விட்டு அவராக இறங்கவில்லை. கார்டும் இன்னொருவரும் பிடித்து இறக்கினார்கள். டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. என்னைப் பார்த்து “அக்கா, வெளக்க நிறுத்து” என்றார். பட்டப்பகல். அன்றே தோட்டத்து லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இருபத்து மூன்று நாள் கிடந்தார். அதில் நாலு நாள் நினைவில்லை. திரும்பி வந்தபோது கொண்டுவந்த துண்டுக் கடதாசியில் ‘மூளைக்காய்ச்சல். சுகம்’ என்று எழுதியிருந்தது. சுகம் என்று டாக்டர் எழுதிய பிறகு சுகமில்லை என்று எழுத நான் யார்? கொப்பியில் ஒட்டி வைத்தேன்.

ஒரு மாதம் ஓய்வெடுத்துக் கவ்வாத்துக்குப் போனார். மூன்றாம் கிழமை கங்காணி என்னிடம் வந்தார். “டாக்டரய்யா, அவன் கத்திய வச்சிக்கிட்டு செடிய வேடிக்க பாக்குறான். மத்தவன் நாலு செடி வெட்டுற நேரத்துல ஒண்ணு. கேட்டா மொறைக்கிறான்.”

சன்னாசியை வரச் சொன்னேன். சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு படியையும் எங்கும் நிற்காமல் ஏறி வந்தார். ஏறி முடித்து, வாசலிலிருந்து என் மேசைக்கு வருகிற சமதரையில் கால் தேய்த்துத் தேய்த்து, அரை அடி அரை அடியாக வந்தார். படியேறத் தெரிந்த கால் தரையில் நடக்காதா? கொப்பியில் எழுதினேன்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுஞ் செய்யலீங்க.” குரல் மெல்லியதாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. “கையிதான்… சொன்ன பேச்சு கேக்கல.”

வலது கை மடியில் கிடந்தது. பீடி சுற்றுவதுபோலக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உரசி நடுங்கிக்கொண்டே இருந்தன. ஒரு குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து, எடுத்துக் குடிக்கச் சொன்னேன். நடுக்கம் உண்மையென்றால் தண்ணீர் சிந்தும். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கை குவளையை நோக்கி நீண்டதும் நடுக்கம் நின்றது. மெதுவாக எடுத்து, மெதுவாகக் குடித்து, மெதுவாக வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கை மடிக்குத் திரும்பியதும் நடுக்கம் மறுபடி தொடங்கியது. அதையும் எழுதினேன்.

பிறகு முகம். என்ன கேட்டாலும் முகம் அசையவில்லை. கண்ணைக்கூட எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் கண் சிமிட்டியது மூன்று தரம். கங்காணி சொன்னது சரி, முறைக்கத்தான் செய்கிறான் என்று முடிவு கட்டினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

இரண்டு நாளில் துரையின் சீட்டு வந்தது. வெள்ளைக்காரத் துரை, வளவளவென்று எழுதமாட்டார். ‘நோயா, நடிப்பா? திங்கட்கிழமைக்குள் எழுது.’

இதன் அர்த்தம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நடிப்பு என்று நான் எழுதினால் செக்றோலில், அதாவது வேலையாட்கள் பதிவில், பெயர் வெட்டுப்படும். பெயர் வெட்டுப்பட்டால் குடும்பத்துக்கே துண்டு, வேலைநீக்கச் சீட்டு. துண்டு கிடைத்தவர்கள் மாதக் கடைசியில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். துண்டு வாங்கி வந்த குடும்பத்தை அடுத்த தோட்டத்தில் லேசில் சேர்க்கமாட்டார்கள். அதுவும் கை நடுங்குகிற ஒருவரை.

முதல் பார்வை, இரண்டாம் பார்வை முடிந்தது. மூன்றாவது பாக்கி.

அது மாசி மாதம். காமன் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூத்து ஒத்திகை. நான், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில் போய் நின்றேன். அந்த வருடம் மன்மதனாக வேறொருவரைப் போட்டிருந்தார் கூத்து வாத்தியார் பெருமாள். சன்னாசி ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சி எடுத்து அடிக்கத் தொடங்கினார். ஐந்தாறு அடிக்குள் சன்னாசி எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நடுப்பொட்டலுக்கு வந்தார். ஆடினார்.

நான் பொய் எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்: நன்றாக ஆடினார். கால் தரையில் தேயவில்லை. கை நடுங்கவில்லை. வில் பிடிக்கிற கை நீண்டது, மடங்கியது, திரும்பியது. பெண்கள் குரவை போட்டார்கள். வாத்தியார் அடித்துக்கொண்டே கத்தினார்: “டேய் சன்னாசி, காலு பழைய காலுதான்டா! மூஞ்சியில சிரிப்பக் காணோமே, ரதி ஓடிப்போயிருவாடா!” எல்லோரும் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை.

தப்பில் நாற்பத்தொரு அடி எண்ணினேன். போதும் என்று தோன்றியது. மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். ‘படி ஏறுகிறார். குவளையைச் சிந்தாமல் எடுக்கிறார். நாற்பத்தொரு அடி ஆடினதை நேரில் பார்த்தேன். கள்ளச் சுகவீனம்.’ கீழே கையெழுத்து. வியாழக்கிழமை சன்னாசி குடும்பத்துக்கு மாதக் கடைசித் தேதி போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ராக்கம்மா வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வரிசையில் பதினாலு பேர் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி மேசைக்கு வந்து நின்றாள்.

“டாக்டரய்யா, ஞாயித்துக்கெழம கொய்யா மரத்துக்குப் பின்னால நின்னீங்களாம்.”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? வெள்ளச் சட்ட போட்ட மரம் தோட்டத்துல எத்தன இருக்கு? ஊரே பாத்துச்சு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. “அவரு ஆடினதையும் ஊரே பாத்துச்சா இல்லையா?”

“பாத்துச்சு. தப்பு நின்னப்பவும் பாத்துச்சு. நீங்கதான் பாக்கல. நின்ன எடத்துலயே நட்டு வச்ச மாதிரி நின்னுட்டாரு. காலு வரல. நாலு பேரு தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டாங்க.”

“ஆடத் தெரிஞ்சவருக்கு நடக்கத் தெரியாதா?”

“அதத்தாங்க நா ஒங்ககிட்ட கேக்க வந்தேன். படிச்சவரு நீங்களா, நானா?”

அவள் குரலை இறக்கினாள். “நா கையத் தட்டுனா நடக்குறாருங்க. தரையில வெறகுக் குச்சியக் குறுக்கப் போட்டா தாண்டுறாரு. வெறுந்தரையில நின்னுபோறாரு. காய்ச்சலுக்கு முன்னாடி இப்புடி இல்ல. புள்ள அவரு மூஞ்சியப் பாத்து அழுவுது, அப்பா கோவமா இருக்காருன்னு. அவரு கோவமாவே இல்லீங்க. இதெல்லாம் நடிக்க எந்தக் கூத்து வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு?”

ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் என் புத்தி போயிற்று. முந்தின நாள் தொழிற்சங்கத் தலைவர் அவர்கள் காம்பராவுக்குப் போய்வந்தது எனக்குத் தெரியும். “துரை முடிவு பண்ணியாச்சு, ராக்கம்மா. என்னால ஒன்னும் செய்ய ஏலாது” என்றேன்.

“சரிங்க. போற அன்னைக்கும் மரத்துக்குப் பின்னால நின்னு எண்ணிக்கிருங்க. மூணு பேரு.” கூடையோடு திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

அடுத்த புதன்கிழமை பெரிய டாக்டர் வந்தார். பதினாறு நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு, எழுபத்து மூன்றாவது ஆளைப் பிடித்த கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்று இப்போது சொல்லி என்ன பயன்?

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு கொப்பியை வாங்கினார். படி, தரை, குவளை என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“கண் சிமிட்டல் மூன்று. இது யார் எழுதியது?”

“நான்தான் சேர். முறைத்துப் பார்த்தான்.”

“என் கண்ணைப் பார்த்து எண்ணு.”

ஒரு நிமிடம் எண்ணினேன். பதினேழு.

“கை நடுங்குவதுபோல் நடிக்கலாம். கால் வராததுபோல் நடிக்கலாம். நீ ஒரு நிமிடம் மூன்று தரம் மட்டும் சிமிட்டிப் பார்.” முயன்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அவன் அழுதானா?” என்று கேட்டார்.

“இல்லை சேர்.”

பெரிய டாக்டர் லயத்துக்கு நடந்து போனதை அந்த ஒரு நாள்தான் பார்த்தேன். கூத்து வாத்தியாரைத் தப்போடு கூட்டிவரச் சொன்னார். சன்னாசி வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுப்பி, வெறுந்தரையில் நிறுத்தி, “நட” என்றார். கால் இரண்டும் அந்த இடத்திலேயே துடித்தன, முன்னால் போகவில்லை. டாக்டர் வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தார். தப்பு ஒலித்தது. சன்னாசி நடந்தார். லயத்தின் கடைசிக் காம்பரா வரை போய், திரும்பி, பாதி தூரம் வந்தார். நேரான நடை. டாக்டர் எந்தச் சைகையும் இல்லாமல் சட்டென்று எட்டி, வாத்தியாரின் குச்சியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நடு அடியில் அறுந்தது. சன்னாசியின் தூக்கிய கால் இறங்கவில்லை. அப்படியே மரம்போல் முன்பக்கமாகச் சாய்ந்தார். தரையில் ஊன்றக்கூட அந்தக் கை வரவில்லை. ராக்கம்மா பாய்ந்து பிடிக்காவிட்டால் முகம் கல்லில் மோதியிருக்கும்.

நடிக்கிறவன் விழும்போது கையை ஊன்றிவிடுவான். அது எனக்கே தெரியும்.

டாக்டர் நெடுநேரம் அவருடைய மணிக்கட்டை வளைத்துப் பார்த்தார். பிறகு கையலம்பத் தண்ணீர் கேட்டார். ராக்கம்மா செம்பில் ஊற்றினாள். என் பக்கம் திரும்பாமலே இங்கிலீஷில் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் நின்றாய்?”

“நாற்பத்தொரு அடி வரை, சேர்.”

“அதற்குப் பிறகு?”

“வந்துவிட்டேன்.”

“அவனுக்குத் தெரியாமல் பார் என்று சொன்னேன். பாதியில் போ என்று சொல்லவில்லை.”

திரும்பும் வழியில் விளக்கினார். முன்பு வயல் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது இப்படி இரண்டு பேரைக் கண்டிருக்கிறாராம். காய்ச்சல் மூளையின் ஒரு மூலையைச் சுட்டுவிட்டுப் போய்விடும். சுட்ட இடம் எது என்று பிறகு, ஆள் எழுந்து வேலைக்குப் போகும்போதுதான் தெரியும். தானாக ஒரு அசைவைத் தொடங்குகிற இடம் போய்விட்டால், வெளியிலிருந்து ஒரு தாளமோ ஒரு குறுக்குக் கோடோ தொடங்கி வைக்க வேண்டும். குணமாக மருந்தில்லை. எதனால் வருகிறது என்று கேட்டேன். “வயல் தண்ணீரில் வளரும் நுளம்பு என்று சிலர் சொல்கிறார்கள். பன்றிக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள். நான் இன்னும் நம்பவில்லை” என்றார். நானும் நம்பவில்லை. எங்கள் குளிரில் நுளம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு சின்ன நுளம்பு முப்பத்தொரு வயது ஆளை இப்படி ஆக்கும் என்று யார் நம்புவார்கள்? அக்காள் வீட்டைச் சுற்றி வயல்தானா என்று பிறகு ராக்கம்மாவிடம் கேட்டேன். “சுத்தி வயலு, பின்னால பன்னிப் பட்டி” என்றாள். குறித்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் அன்றே துரைக்குக் கடிதம் எழுதினார். துரை மசியவில்லை. ‘டாக்டர் அரை மணி நேரம் பார்த்தார், என் டிஸ்பென்சர் தினமும் பார்க்கிறான், அவன் எழுதியது இருக்கிறது’ என்று பதில் அனுப்பினார். ஆகவே அந்தத் தாள் பிழை என்று நானே எழுத வேண்டும். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

நாலு நாள் நான் எழுதவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு இடம் காலியாக இருந்தது. துரை என் பெயரைச் சொல்லியிருந்தார். பிழை என்று நானே எழுதினால் அந்த இடம் போகும். மேலும், ஆபீஸ் பெரிய கிளாக்கருக்கு மருமகன் ஒருவன் இருந்தான், டிஸ்பென்சர் பரீட்சை எழுதியவன். இதெல்லாம் என்னை விழுத்தச் செய்த ஏற்பாடோ என்றுகூட நினைத்தேன். தாளம் நின்றால் ஒரு மனிதன் மரம்போல் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படி நினைத்தேன். நாலாம் நாள் அந்தப் பக்கம் போனபோது, ராக்கம்மா சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். சன்னாசி வாசலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் முன்னால் நின்று, தன் இரண்டு கையாலும் அவர் வாயின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்து, சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய் எழுதினேன்.

துரை இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“இரண்டும் உன் கையெழுத்து. நான் எதை நம்புவது?”

“இரண்டாவதை, சேர்.”

“ஏன்?”

“முதலாவதை எழுதியதால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை, சேர். இரண்டாவதால் உண்டு” என்றேன்.

துரை முதல் தாளை மடித்து மேசை லாச்சியில் போட்டார், கிழிக்கவில்லை. ராக்கம்மா நல்ல கொழுந்துக்காரி, அவளை இழக்க வேண்டாம் என்று கிளாக்கரிடம் சொன்னார். சன்னாசிக்கு நாற்றுமேடைக் காவல். துண்டு நின்றது. பெரிய தோட்டத்து இடத்துக்குப் பிறகு என் பெயர் வரவில்லை. கிளாக்கரின் மருமகனுக்கும் கிடைக்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

சன்னாசி அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். குணமாகவில்லை. இரண்டு தரம் வலிப்பு வந்தது. ஒரு சாவு வீட்டில் காரணமில்லாமல் சிரித்து அடி வாங்கப் பார்த்தார். மாதம் ஒரு தரம் போய்க் கண் சிமிட்டலை எண்ணிக் குறிப்பேன். மூன்று, நாலு, நாலு, மூன்று. அது எதற்கு உதவும் என்று தெரியாமலே குறித்தேன். ஒரு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது அவராகச் சொன்னார்: “உள்ளுக்குள்ள நா நல்லாத்தாங்க இருக்கேன், டாக்டரய்யா. வெளிய வரத்தான் நேரமாவுது.” அந்த ஒரு வசனத்தைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று. பெரிய டாக்டரிடம் சொன்னேன். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இளைஞருக்கு இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் துண்டு நின்ற அந்த வருட மழைக்காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லாவிட்டால் கணக்குச் சரிவராது.

துண்டு நின்றதிலிருந்து நாலு மாதமும் ராக்கம்மா டிஸ்பென்சரிக்கு வரவில்லை. தனக்குக் காய்ச்சல் என்றால் ஹட்டனுக்குப் போனாள், பஸ் இல்லாத நாளில் நடந்தே. ஒரு காலை நல்ல மழை. ஹட்டன் ரோட்டில் மண் சரிந்துவிட்டது. பிள்ளையைச் சாக்குக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு என் படியேறி வந்தாள். பிள்ளையின் உடம்பு கொதித்தது. நான் வாயில் காய்ச்சல் மானியை வைத்து எடுத்துப் பார்த்து, “நூற்றிரண்டு. சளிக் காய்ச்சல்தான், பயமில்லை. மருந்து ஊற்றப் போத்தலைக் கொடு” என்றேன்.

அவள் போத்தலைக் கொடுக்கவில்லை. கையை நீட்டினாள். “அத இங்க தாங்க.”

கொடுத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்து, “இத வாசிக்கத் தெரிஞ்சவுங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் பிள்ளைக் காம்பரா ஆயா முன்னால் வந்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வாங்கி, கண்ணைச் சுருக்கி, வாய்க்குள் எண்ணினாள்.

“நூத்தி ரெண்டுதாண்டி, ராக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேண்டி.”

“அந்தக் கோடு நகரலியே?”

“நகரல.”

ராக்கம்மா காய்ச்சல் மானியை என் மேசையில் வைத்தாள். மடியிலிருந்து போத்தலை எடுத்து, மூடியைக் கழற்றி, என் முன்னால் நீட்டினாள்.

“சரி, ஊத்துங்க.”